கட்டு மாற்றும் நேரம்

ஊரிலிருந்து பார்ப்பவர்களுக்கு நேரமாகிவிட்டது, எனக்கும் இன்று இரவுப் பணி இருக்கிறது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளி நானோ துகள்களின் வரலாற்றைப் பேசப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர், "சிஸ்டர், இலக்கியக் கூட்டத்தில் இது எதற்கு?" என்று கேட்டார். நான் விஞ்ஞானி இல்லை. டிப்ளமோ படித்த செவிலி. தீக்காய வார்டில் கட்டு மாற்றியவள். இந்த வரலாற்றை அந்தக் கட்டிலின் பக்கத்தில் நின்றுதான் எனக்குச் சொல்லத் தெரியும்.

நான் பயிற்சி எடுத்த காலத்தில் தீக்காயம் என்றால் ஒரு வெள்ளைக் களிம்புதான். சில்வர் சல்ஃபாடையசின். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. பழைய களிம்பு புண்ணின் நீரோடு கலந்து, பாலாடை மாதிரி மஞ்சளாகப் படிந்திருக்கும். அதை வழித்தெடுத்து, கழுவி, புதிதாகப் பூச வேண்டும். டிரெஸ்ஸிங் டிராலியின் சக்கரச் சத்தம் கேட்டாலே வார்டில் முனகல் தொடங்கிவிடும். ஸ்டவ் வெடித்து வந்த ஒரு அக்கா, "கொஞ்சம் பொறும்மா, ஜெபம் பண்ணிக்கிறேன்" என்று கண்ணை மூடிக்கொள்வார். அது நீண்ட ஜெபமாக இருக்கும். ஏன் என்று எனக்குத் தெரியும். காத்திருப்பேன்.

அந்த இரண்டு வேளை எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனதில்தான் இந்த வரலாறு கிடைத்தது.

1880இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கார்ல் கிரெடே என்ற மகப்பேறு மருத்துவர், பிறந்த குழந்தைகளின் கண்ணில் 2 சதவீத வெள்ளி நைட்ரேட் கரைசலை ஒரு சொட்டு விட ஆரம்பித்தார். தாயிடமிருந்து வரும் தொற்றால் அவருடைய மருத்துவமனையில் பத்துக் குழந்தைகளில் ஒன்றுக்குக் கண் சீழ்பிடித்துக்கொண்டிருந்தது. பார்வையே போய்விடக்கூடிய நோய். அந்த ஒரு சொட்டு அதை அரை சதவீதத்துக்கும் கீழே இறக்கியது. ஆனால் எரியும். குழந்தையின் கண் சிவந்து வீங்கும். வெள்ளி வேலை செய்கிறது, ஆனால் ஒரேயடியாகச் செய்கிறது. இதற்குப் பிறகு வந்த எல்லாருமே, இந்த வெள்ளியை எப்படி மெல்ல மெல்ல வெளிவிடுவது என்று யோசித்தவர்கள்தான்.

1902இல் பிலடெல்பியாவில் ஆல்பர்ட் பார்ன்ஸும் ஹெர்மன் ஹில்லே என்ற வேதியியலாளரும் வெள்ளியைப் புரதத்தோடு பிணைத்து 'ஆர்ஜிரால்' என்று விற்றார்கள். எரிச்சல் குறைந்தது. பார்ன்ஸ் பெரும் பணக்காரர் ஆனார். 1929இல், பங்குச்சந்தை சரிவதற்குச் சில மாதங்கள் முன்பு, கம்பெனியை விற்றுவிட்டார். அந்தச் செல்வம் செசான், ரெனுவார், மத்தீஸ் ஓவியங்களாக மாறியது. பிலடெல்பியா போகிறவர்கள் பார்ன்ஸ் அறக்கட்டளையில் அந்த ஓவியங்களைப் பார்க்கலாம். கண்சொட்டு மருந்தில் வாங்கிய ஓவியங்கள் என்பதை மறக்காமல் பாருங்கள்.

பெனிசிலின் வந்ததும் வெள்ளி ஓரங்கட்டப்பட்டது. அதைத் திரும்பக் கூட்டிவந்தது தீக்காயம். 1965இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் கார்ல் மோயர் என்ற அறுவை மருத்துவர், 0.5 சதவீத வெள்ளி நைட்ரேட்டில் நனைத்த தடித்த காஸ் துணியைப் பெரிய தீக்காயங்களில் கட்டினார். உயிர்கள் பிழைத்தன. ஆனால் துணி காயக்கூடாது. காய்ந்தால் கரைசல் செறிவாகிப் புண்ணைப் பொசுக்கும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவும் பகலும், யாராவது நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த 'யாராவது' யார் என்று கட்டுரைகளில் பெரிதாக இருக்காது. படுக்கை, சுவர், சீருடை, விரல்கள் எல்லாம் கறுத்துப்போயிருக்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு. வெள்ளிக்கும் உப்புக்கும் ஆகாது. உப்பிலுள்ள குளோரைடோடு சேர்ந்து வெள்ளி படிந்துவிடும். அதோடு அந்த ஈரத்துணி காயத்தின் வழியே உடம்பின் உப்பை இழுத்துக்கொண்டே இருந்தது. சோடியம் இறங்கி நோயாளி மயங்கினார்.

மூன்றே ஆண்டுகளில், 1968இல், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஃபாக்ஸ் வெள்ளியை சல்ஃபாடையசின் மருந்தோடு சேர்த்துக் களிம்பாக்கினார். துணியை நனைக்கும் வேலை போய், தினம் இரண்டு முறை பூசும் வேலையாயிற்று. அந்த அக்காவின் ஜெபம் வந்து சேரும் இடம் இது.

அடுத்த படிதான் நானோ. ஆனால் அது நாம் நினைப்பதுபோல் புதிதல்ல. 1889இலேயே, அதே பிலடெல்பியாவில், கேரி லீ என்ற வேதியியலாளர் வெள்ளி நைட்ரேட்டை இரும்பு சல்ஃபேட்டும் சிட்ரேட்டும் கொண்டு ஒடுக்கி, நீரில் கரைந்ததுபோல் நிற்கும் வண்ண வண்ண வெள்ளியைச் செய்திருந்தார். வெள்ளியின் வேறொரு வடிவம் என்றுதான் அவர் நினைத்தார். அவருடைய முறையில் உண்டாகும் துகள்கள் சுமார் 7 முதல் 9 நானோமீட்டர் என்று 1969இல் அளந்து சொன்னார்கள். ஒரு தலைமுடியின் பருமனில் அப்படிப்பட்டவை பத்தாயிரம் வரிசையாக நிற்கும். துகள் சிறுக்கச் சிறுக்க அதே எடைக்கு மேற்பரப்பு கூடும். அங்கிருந்து வெள்ளி அயனி கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். தேடிக்கொண்டிருந்த 'மெல்ல' இதுதான்.

1990களில் கனடாவின் ஆல்பர்ட்டாவில் ராபர்ட் பரல் குழுவினர், வெற்றிடத்தில் வெள்ளியை ஆவியாக்கிப் பாலித்தீன் வலைமேல் நுண்படிகங்களாகப் படியவைத்தார்கள். அக்டிகோட் என்ற பெயரில் வந்தது. நான் கடல் தாண்டி வந்த பிறகுதான் அதைக் கையில் தொட்டேன். கட்டினால் மூன்று நாள். ஒரு வகையை ஏழு நாள்கூட விடலாம். முதல்முறை மூத்த செவிலி என் கையைப் பிடித்துத் தடுத்தார். பழக்கதோஷத்தில் நார்மல் சலைனை எடுத்திருந்தேன். சலைன் உப்புநீர், அதிலே நனைத்தால் வெள்ளி வீணாகிவிடும். ஸ்டெரைல் வாட்டர்தான் விட வேண்டும். மோயரின் நோயாளிகளை மயங்கவைத்த அதே உப்புக்கணக்கு.

உப்பு என்றதும் இன்னொன்று. நானோ வெள்ளி கலந்த நீர் மஞ்சளாக இருக்கும். உப்புப் போட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சாம்பல் நிறமாகும். கட்டில் நமக்குத் தொல்லையாக இருக்கும் இந்தச் சுபாவத்தையே உணரிகளாக்கினார்கள். தேடும் பொருள் வந்தால் மட்டும் துகள்கள் ஒட்டும்படி செய்துவிட்டால், நிறமே சேதி சொல்லும். 1974இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில், சொரசொரப்பாக்கிய வெள்ளித் தகட்டின்மேல் ராமன் சமிக்ஞை எதிர்பாராமல் பலமாகக் கிடைத்தது. சாதாரணத்தைவிட லட்சம், பத்து லட்சம் மடங்கு என்று 1977இல் கணக்கிட்டார்கள். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928இல் கண்ட மங்கலான ஒளி, வெள்ளியின் மேல் பட்டதும் நுண்ணிய அளவு நஞ்சையும் காட்டிக்கொடுக்கும் கருவியாயிற்று. 1982இல் லீயும் மைசலும் வெள்ளி நைட்ரேட்டையும் சிட்ரேட்டையும் கொதிக்கவைத்துச் செய்த முறையை இன்றும் ஆய்வகங்களில் செய்கிறார்கள்.

எங்கள் சபையில் இராப்போஜனத்துக்கு ஒரே வெள்ளிக் கிண்ணம் சுற்றிவரும். "வெள்ளியில் கிருமி நிற்காது" என்பார்கள். நிற்கும். வெள்ளிக்கு ஈரமும் மணிக்கணக்கான நேரமும் வேண்டும். நான் துடைத்த ஓரமாகப் பார்த்துத்தான் குடிப்பேன், போதகர் மன்னிக்கட்டும்.

இந்த நம்பிக்கையைத்தான் இப்போது காலுறையிலும் துவைக்கும் இயந்திரத்திலும் வைத்து விற்கிறார்கள். 2008இல் அரிசோனாவில் ஆறு வகைக் காலுறைகளைத் துவைத்துப் பார்த்தார்கள். சிலவற்றில் நான்கு சலவைக்குள் வெள்ளி ஏறக்குறைய முழுவதும் சாக்கடைக்குப் போயிருந்தது. அங்கே இருக்கும் கிருமிகள் அதைச் சந்திக்கின்றன. அவை கற்றுக்கொள்ளுமா? ஏற்கெனவே கற்றிருக்கின்றன. 1975இல் பாஸ்டனில் ஒரு தீக்காய வார்டில் வெள்ளி நைட்ரேட்டுக்கும் மசியாத சால்மனெல்லா வந்தது. 1999இல் அதன் மரபணுக்களைப் படித்தார்கள்; உள்ளே வரும் வெள்ளியை வெளியே இறைத்துத் தள்ளும் பம்பு அந்தக் கிருமியிடம் இருந்தது. படித்தவரின் பெயர் சைமன் சில்வர். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

வியர்வை நாற்றத்துக்கு சோப்பு போதும். மூன்று நாள் பிரிக்காத கட்டுக்கு மாற்றாக என் டிராலியில் அதிகம் இல்லை.

நேரமாகிறது, கிளம்ப வேண்டும். இன்று என் பொறுப்பில் இருக்கும் ஒருவருக்கு நேற்றுத்தான் கட்டுப் போட்டோம். இன்றிரவு பிரிக்க வேண்டியதில்லை. ஓரம் காய்ந்திருக்கிறதா என்று பார்த்து, கொஞ்சம் ஸ்டெரைல் வாட்டர் விட்டுவிட்டு வர வேண்டும். தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பக்கூட மாட்டேன்.