அச்சத்தை விற்ற வணிகர்கள்

லாயாங் லாயாங் வட்டாரத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்ததை நம் பெற்றோர் கண்டார்கள். நாமோ தோட்டத்து வீடுகளுக்குள் கணினி வந்ததைக் கண்டோம். அதனோடு ஒரு பழைய ஏமாற்றும் புது வேடத்தில் வந்து சேர்ந்தது.

முன்பு சம்பள நாளில் தாயத்து விற்பவன் வருவான். “உங்கள் வீட்டில் செய்வினை இருக்கிறது” என்று முதலில் அஞ்ச வைப்பான். பிறகு தன் பையிலிருந்தே அதற்குப் பரிகாரமும் எடுப்பான். இன்று அதே வேலையைக் கணினித் திரையில் திடீரென்று தோன்றும் விளம்பரம் செய்கிறது. “உங்கள் கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது; இந்தப் பாதுகாப்பு மென்பொருளை உடனே வாங்குங்கள்” என்று அது மிரட்டும்.

நம் மாணவன் ஒருவனின் தாயார் இதைக் கண்டு நடுங்கி, பள்ளிச் சீருடைக்கு வைத்திருந்த பணத்தைக் கட்டிவிட்டார். கணினியில் ஒரு குறையும் இல்லை. “படிக்காத எனக்கு இது வேண்டியதுதான், சார்” என்று அவர் சொன்னதுதான் நம்மை வருத்தியது. அந்தத் தாயாருக்கு வரலாறு தரும் விடை வேறு.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2005இல் உளவு மென்பொருளுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. 2006 ஜனவரியில் அதன்படி முதல் வழக்கு வந்தது. ‘ஸ்பைவேர் கிளீனர்’ என்பதை 49.95 டாலருக்கு விற்ற நிறுவனம், அவ்வாண்டு இறுதியில் 10 லட்சம் டாலர் செலுத்த இணங்கியது.

2008 டிசம்பரில் அந்நாட்டின் கூட்டரசு வணிக ஆணையம் இன்னும் பெரிய கூட்டத்தின்மீது வழக்குத் தொடுத்தது. ‘வின்ஃபிக்சர்’, ‘எக்ஸ்பி ஆன்டிவைரஸ்’ முதலிய பெயர்களில் அவர்கள் விற்ற மென்பொருள்களை வாங்கி ஏமாந்தவர்கள் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் என்று ஆணையம் கூறியது. 2012இல் அக்கூட்டத்தில் ஒருவர் 16 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல் செலுத்த வேண்டுமென நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பின்னர் தந்திரம் மாறியது. திரையில் ஒரு தொலைபேசி எண்ணும் தோன்றலாயிற்று. 2023 அக்டோபரில் இந்தியாவின் மத்திய புலனாய்வுத் துறை, இணையக் குற்றங்களுக்காக 76 இடங்களில் சோதனை நடத்தியது. கணினி உதவி தருவதாக வெளிநாட்டாரை ஏமாற்றிய வழக்குகளும் அவற்றுள் அடங்கும்.

ஓர் உண்மையை மனத்தில் வைப்போம். இணையப் பக்கத்தில் வரும் விளம்பரம் நம் கணினியைச் சோதித்துப் பார்க்க முடியாது. சோதிப்பதுபோல் ஓடுவது வெறும் படம். யார் பார்த்தாலும் அது “ஆபத்து” என்றே சொல்லும். அந்த எண்ணை அழைக்க வேண்டாம். வங்கி அட்டை எண்ணைத் தர வேண்டாம். பெட்டி மூட மறுத்தால் கணினியையே அணைத்துவிடலாம்.

பணம் போய்விட்டதா? மறைக்காமல் உடனே வங்கிக்குச் சொல்வோம். 2022இல் நம் நாட்டில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண் 997. தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் ஏமாற்றியவனுக்கே உதவும்.

படித்தவர்களும் பட்டணத்தவர்களும் லட்சக்கணக்கில் ஏமாந்த இடம் இது. வெட்கப்பட வேண்டியவர்கள் நாமல்லர், அச்சத்தை விற்றவர்களே.