இன்டர்பிரெட்டருக்குள் புகுந்த முன்செயலி

நிரல் ஓடுவதற்கு முன்பே அதன் வரிகளை வெறும் எழுத்தாகப் படித்துத் திருத்தித் தருவது முன்செயலி. சி மொழிக்கு இது 1970களிலேயே அமைந்துவிட்டது. 1987இல் லாரி வால் வெளியிட்ட பெர்ல், அந்த முன்செயலியை அப்படியே கடன் வாங்கியது: நிரலை இயக்கும் இன்டர்பிரெட்டரை '-பி' விருப்பத்துடன் அழைத்தால், நிரல் முதலில் சி முன்செயலி வழியாகப் போய்வரும்.

கடன் சரிவரப் பொருந்தவில்லை. பெர்லில் # குறி குறிப்புரையின் தொடக்கம். சி முன்செயலிக்கோ அதுவே கட்டளையின் தொடக்கம். புரோகிராமர் எழுதிய ஆங்கிலக் குறிப்புரை 'இஃப்' என்று ஆரம்பித்தால் போதும், முன்செயலி அதை நிபந்தனையாக எடுத்துக்கொள்ளும். அப்படி எழுத வேண்டாம் என்று பெர்ல் கையேடே எச்சரித்தது. 2010இல் 5.12 பதிப்பில் '-பி' நீக்கப்பட்டது.

அதற்குள் முன்செயலி இன்டர்பிரெட்டருக்கு உள்ளேயே வந்திருந்தது. நிரலில் ஒரு வரி சேர்த்தால், அதற்குக் கீழுள்ள வரிகள் வடிகட்டி ஒன்றின் வழியாகவே, நிரலின் இலக்கணத்தைப் பிரித்துப் படிக்கும் பார்சரை அடையும். 2002இல் வந்த பெர்ல் 5.8 இந்த வசதியைத் தன்னுடனேயே தந்தது. அதற்கு முன்பே, 2000இல், புரோகிராமர் டேமியன் கான்வே இதே உத்தியால் பெர்ல் நிரலை லத்தீனில் எழுத வழிசெய்தார். சொல்லின் ஈறே அதன் வேலையைக் காட்டியதால் சொற்கள் எந்த வரிசையிலும் வரலாம். வேற்றுமை உருபு அறிந்த தமிழருக்கு இதில் வியப்பில்லை. மற்றொரு மொழியான பைத்தானின் 2.3 பதிப்பு (2003), கோப்பின் முதல் இரண்டு வரிகளுக்குள் எழுத்துக் குறியாக்கத்தை அறிவிக்க இடம் தந்தது. குறியாக்கம் என்ற பெயரில் முன்செயலியைப் பதிவுசெய்யும் குறுக்குவழியும் அதில் பிறந்தது.

இந்த வழியில் தமிழ்ச் சொற்களை ஆங்கிலக் கட்டளைகளாக மாற்றிவிட்டால் தமிழ் நிரல் கிடைத்துவிடும் என்று தோன்றும். ஆனால் 'ஆனால்' என்ற சொல்லை 'இஃப்' ஆக்கும் வெறும் சொல்மாற்றத்தில் "வந்தான், ஆனால் பேசவில்லை" என்று திரையில் வரவேண்டிய வாக்கியத்தின் நடுவிலும் 'இஃப்' வந்து உட்காரும். மேற்கோளுக்குள் இருப்பதை விட்டுவிடப் பழக்கினாலும் சொல்வரிசை இடிக்கும்: ஆங்கிலத்தில் 'இஃப்' முன்னால் வரும், தமிழில் நிபந்தனையைச் சொன்ன பிறகே 'ஆனால்' வரும்.

முத்தையா அண்ணாமலை உருவாக்கி, 2009இல் ஆய்வுக்கட்டுரையாக விவரித்த 'எழில்' மொழி, சொல்மாற்றத்தோடு நிற்காமல் தனி இலக்கணம் வகுத்துக்கொண்டது. பைத்தானில் எழுதப்பட்ட அதன் இன்டர்பிரெட்டர் தமிழ் நிரலைச் சொற்களாகப் பிரித்து, மரமாக்கி, தானே இயக்குகிறது.

@( வயது >= 18 ) ஆனால்
 பதிப்பி "வாக்களிக்கலாம்"
இல்லை
 பதிப்பி "காத்திருக்கவும்"
முடி

அடைப்புக்குறிக்குள் நிபந்தனை, பிறகு 'ஆனால்': பேச்சுத் தமிழின் வரிசையே இது. சுழலும் அப்படித்தான், நிபந்தனைக்குப் பின்னால் 'வரை' வரும். பைத்தான் செயற்கூறுகளையும் எழிலிலிருந்து அழைக்கலாம்.

பள்ளிக்கூடம் வேறு பாதையில் போனது. தமிழக மேல்நிலைக் கணினி அறிவியலில் பிளஸ் 2வுக்கு வந்தது பைத்தான்தான். திட்டக்குடியில் தமிழ்வழியில் படிக்கும் மாணவருக்கும் பாடநூலின் விளக்கம் தமிழில். கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில்.