சிந்திய கதிர்

பண்டை இஸ்ரவேல் நாட்டில், நிலத்துக்கு உரியவன் தன் பயிரை வயலோரம் வரை ஒட்ட அறுத்தலாகாதென்றும், அறுப்பில் சிந்திய கதிரை ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டுமென்றும் வேதாகமத்தின் லேவியராகமம் விதித்தது; மறந்துபோன அரிக்கட்டை எடுக்கத் திரும்பிச் செல்வதையும் உபாகமம் தடுத்து, அதனைப் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் உரியதாக்கிற்று. இதனைப் பிச்சையென்று கொள்வது பெரும்பிழை. வறியவள் எவர் வாசலிலும் கையேந்தாமல், தானே குனிந்து பொறுக்கி, தன் உழைப்பின் பலனாகவே தானியத்தை வீட்டுக்குக் கொண்டு சென்றாள் என்பதிலேதான் இவ்விதியின் மேன்மை விளங்குகிறது. மோவாப் தேசத்து விதவையாகிய ரூத், வாற்கோதுமை அறுப்பின்போது பெத்லகேமில் போவாஸின் வயலுக்கு வந்தது இவ்வுரிமையைப் பற்றியே. அவரோ விதி கேட்டதற்கும் மேலாக, கட்டுகளிலிருந்தே சில கதிர்களை அவளுக்காக உருவிப் போடும்படி வேலைக்காரருக்குக் கட்டளையிட்டார்.

விடவேண்டிய ஓரம் எவ்வளவென்று வேதாகமம் அளவு கூறவில்லை; கி.பி. 200 அளவில் தொகுக்கப்பெற்ற யூதச் சட்டத் தொகுப்பாகிய மிஷ்னா, அது 60-இல் ஒரு பங்குக்குக் குறையலாகாதென வரையறுத்தது. பிற்கால ஐரோப்பியக் கிராமங்களிலும் ஏழைகள் கதிர் பொறுக்கும் வழக்கம் நெடுங்காலம் நிலவிற்று. ஆயினும் 1788-இல் இங்கிலாந்தின் நீதிமன்றமொன்று, ஏழைகளுக்கு அதில் சட்ட உரிமை ஏதுமில்லையென்று தீர்ப்பளித்தது. தர்மத்தின் சரித்திரத்தில் அதனை ஒரு வீழ்ச்சியென்றே சொல்ல வேண்டும்.