திண்ணையும் முற்றமும்: தமிழ்ச் சிறாரின் தொடக்கக் கணக்கு

எண்ணறிவு சிறார்க்குச் சுமையாகாது விளையாட்டாகவே அமைதல் வேண்டும் என்னுங் கொள்கை மேனாட்டார் தந்த கொடை என்றே நம்மிற் பலர் கருதிவருகின்றனர். ஜேர்மனியில் 1837ஆம் ஆண்டு புறோபல் தொடங்கிய பாலர் பள்ளியையும், 1907இல் உரோமாபுரியில் மரியா மொன்ரிசோரி அமைத்த சிறுவர் இல்லத்தையும் அதன் தோற்றுவாயாகக் காட்டுவர். இவற்றுக்கு நேரெதிராக நிறுத்தப்படுவது நமது திண்ணைப் பள்ளிக்கூடம். பிரம்பு, கோதண்டம், பொருளறியா நெட்டுரு என்பனவே அதன் அடையாளங்களாகக் கூறப்படும். இக்கூற்றிற் பாதி உண்மை. எஞ்சிய பாதியே ஈண்டு ஆராயத்தக்கது.

திண்ணைப் பள்ளி மாணவன் மணலில் விரலால் எழுதிப் பழகியபின் எண்சுவடிக்கு வருவான். முழுவெண்களின் வாய்பாட்டோடு பின்னங்களின் வாய்பாடும் அதில் உண்டு. முந்திரி என்பது 1/320. அதனை இரட்டித்தால் அரைக்காணி, மீண்டும் இரட்டித்தால் காணி, பின்னர் அரைமா, அதன்பின் மா, அதாவது 1/20. முகத்தலளவையும் இவ்வாறே ஏறும்: இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. ஒன்றோடொன்று தொடர்பற்ற பெயர்களை அவன் மனனஞ் செய்யவில்லை. இரட்டித்தல் என்னும் ஒரே செயலையே படிப்படியாகப் பயின்றான். இன்னுமொன்று: பெயரிலேயே கணக்கு அடங்கியிருந்தது. 'எட்டில் ஒன்று' எனக் கேட்குங் குழந்தை எட்டுக் கூறுகளைக் கற்பனை செய்யவேண்டும். 'அரைக்கால்' எனக் கேட்குங் குழந்தைக்கோ காலைப் பாதியாக்கினாற் போதும். ஒருவன் முன்மொழிய ஏனையோர் ஓசையோடு பின்மொழிந்த இம்முறையை வெறும் நெட்டுரு எனத் தள்ளலாகாது என்பதும், நினைவாற்றலே அங்குக் கற்றலின் வழியாய் இருந்தது என்பதும் செந்தில் பாபுவின் ஆய்வுகளால் வலியுறுகின்றன. திண்ணைப் பள்ளிகளின் கணிதம் பற்றி அவர் எழுதிய ஆங்கில நூல் 2022இல் வெளிவந்தது.

எண்சுவடியைக் கடந்தால் காரிநாயனாரின் கணக்கதிகாரம். அளவைகளையும் நிலக்கணக்கையும் செய்யுளிற் கூறும் அந்நூலில் விடுகதை போன்ற கணக்குகளும் உள. பலாப்பழத்தை வெட்டாமலே சுளைகளை எண்ணும் வழி அவற்றுள் ஒன்று. காம்பருகேயுள்ள சிறுமுட்களை எண்ணி, ஆறாற் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளைத் தொகை வருமாம். ஐம்பது முள்ளாயின் அறுபது சுளை. எல்லாப் பழத்துக்கும் இவ்விதி பொருந்துமா என்பது வேறு வினா. விடையைக் கணித்தபின் பழத்தை வெட்டி எண்ணிப்பார்க்கும் ஆவலை எந்தச் சிறுவன் அடக்குவான்?

ஆயினும் விளையாட்டின் பெரும்பகுதி திண்ணையில் நிகழவில்லை. வீட்டு முற்றத்திலும் உள்ளறையிலுமே நிகழ்ந்தது. பல்லாங்குழியில் வரிசைக்கு ஏழாகப் பதினான்கு குழிகள்; ஆடுகாய்களாகப் புளியங்கொட்டையோ சோழியோ மஞ்சாடியோ. நான்கு காய் சேர்ந்த குழி 'பசு' எனப்படும். அது குழிக்கு உரியவளைச் சாரும். எக்குழியை எடுத்தாற் கடைசிக் காய் எங்கு விழும் என்பதைக் கையெடுக்குமுன் மனத்திற் கணிப்பவளே வெல்வாள். கூட்டல், கழித்தல், சமமாகப் பங்கிடுதல் யாவும் எழுத்தின் துணையின்றி இங்கே நிகழ்கின்றன. நம் நாட்டுச் சிங்கள மக்கள் குன்றிமணி கொண்டு ஆடும் ஒலிந்த கெலியவும் இவ்வினத்ததே. இத்தகைய ஆட்டங்களைப் பற்றி எச். பாக்கர் 1909இல் வெளியிட்ட பண்டைய இலங்கை பற்றிய நூலில் எழுதியுள்ளார்.

இதனை ஆடியோர் பெரும்பாலும் பெண்கள் என்பதே கவனிக்கவேண்டியது. சென்னை மாகாணத்தில் தோமஸ் மன்றோ 1822இல் தொடக்கிய கணக்கெடுப்பு 12,498 பள்ளிகளைக் காட்டிற்று. அவற்றிற் பயின்ற பெண்கள் மிகச்சிலரே என 1826இல் அவரே குறித்தார். எல்லாச் சாதிச் சிறாரும் ஒருங்கே அமரும் இடமாகவும் திண்ணை இருந்ததில்லை. எண்குறியும் ஏடும் ஆண்பிள்ளைக்கு. கொட்டையும் குழியும் பெண்பிள்ளைக்கு. முற்றத்தின் ஆட்டத்துக்கு எண்சுவடியில் இடமில்லை. ஏட்டின் கணக்கோ முற்றத்தை எட்டவில்லை. பழைய கல்வியைப் போற்றுவோர் பெரும்பாலும் தொடாது விடுவது இப்பிளவையே.

வெளியார் கண்ணிற் பட்டது திண்ணை மட்டுமே. எழும்பூர் அநாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய அன்றூ பெல், உள்நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதனைத் தம் பள்ளியிற் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையையுஞ் சேர்த்து 1797இல் இலண்டனில் அறிக்கை வெளியிட்டார். பின்னதைத் தமது கண்டுபிடிப்பென்றே அவர் கொண்டார்; திண்ணையிற் சட்டாம்பிள்ளை அதற்கு முன்பே இருந்தான். நாளடைவில் அளவைகளும் மாறின. இந்தியா 1957இலேயே மேற்கொண்ட தசம நாணயத்தை இலங்கை 1872இல் ஏற்றது. நூறு சதம் ஒரு ரூபாவாயிற்று. காணிக்கும் மாவுக்கும் பணக்கணக்கில் வேலையில்லாது போயிற்று.

மரியா மொன்ரிசோரி 1939இற் சென்னை அடையாற்றுக்கு வந்தார். 1944இல் இலங்கையிலும் ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார். மணிகளைக் கோத்தும் குவித்தும் ஒன்று, பத்து, நூறு என எண்ணக் கற்பிப்பது அவர் முறையின் ஒரு கூறு. அம்மணிகள் வகுப்பறையின் மேசைமீது வைக்கப்பட்டன. ஆணும் பெண்ணும் ஒருங்கே அவற்றைத் தொட்டு எண்ணினர்.