அடுத்தவர் பெயரில் ஆட்டம்

வீடியோ கேமை விற்கும் நிறுவனமும் அதைச் செய்துமுடிக்கும் நிறுவனமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இந்தத் தொழிலில் என்றுமே இருந்ததில்லை. பெட்டியின் மேல் வெளியீட்டாளரின் பெயர் பெரிதாக இருக்கும். நிரல் எழுதியவர்களும் படம் வரைந்தவர்களும் வேறோர் ஊரில், வாடகை மாடி ஒன்றில் பத்துப் பதினைந்து பேராக இருந்து வேலை பார்த்திருப்பார்கள். மதுரைச் சுங்குடிக்கு முடிச்சுப் போடும் பெண்களின் பெயர் சேலையில் வருவதில்லை, கடையின் பெயர்தான் வரும். அதே ஏற்பாடுதான் இது. ஒப்பந்தத்துக்கு ஆட்டம் செய்து கொடுக்கும் இந்தத் தொழில் 1980களில் ஜப்பானில் வேர் பிடித்தது. இந்தியாவுக்கு அது 1990களின் கடைசியில், பெங்களூர் வழியாக வந்தது.

நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று ஃபேமிகாம் என்ற வீட்டுக் கருவியை ஜப்பானில் விற்பனைக்கு விட்டது. முதல் ஓராண்டு அதற்கான ஆட்டங்களை நின்டெண்டோவே வெளியிட்டது. 1984இல் ஹட்சன், நாம்கோ ஆகிய வெளி நிறுவனங்களுக்கு அனுமதி கிடைத்தது. கருவி வீடு வீடாகப் பரவியதும் பொம்மைக் கம்பெனி, இசைத்தட்டுக் கம்பெனி என்று பலரும் உள்ளே வந்தார்கள். பிரபலமான கார்ட்டூன் பாத்திரங்களின் உரிமையும் கடைக்காரர்களின் தொடர்பும் அவர்களுக்கு இருந்தன; நிரல் எழுத ஆள் இல்லை. காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரங்களைச் செய்துவந்த நிறுவனங்களிடம் ஆள் இருந்தது. ஆனால், தேர்ந்த ஆட்கள் அடுத்த புதிய இயந்திரத்தில் மூழ்கியிருப்பார்கள். பழைய ஆட்டத்தை வீட்டுக் கருவிக்கு மாற்றுவது அங்கே இரண்டாந்தர வேலையாகப் பார்க்கப்பட்டது. இரு தரப்பாரும் வெளியாளைத் தேடினார்கள்.

அப்படிக் கிடைத்த வெளியாட்களில் ஒன்று மைக்ரோனிக்ஸ். கேப்காம், எஸ்.என்.கே. போன்ற நிறுவனங்களின் ஆர்கேட் ஆட்டங்களை ஃபேமிகாமுக்கு மாற்றித் தந்த சிறு நிறுவனம் அது. கேப்காமின் ‘1942’, ‘கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸ்’, எஸ்.என்.கே.யின் ‘இகாரி வாரியர்ஸ்’, ‘அதீனா’ ஆகியவற்றின் வீட்டு வடிவங்கள் அதன் கைவேலை. ஆனால், பெட்டியிலோ ஆட்டத்தின் தொடக்கத் திரையிலோ அதன் பெயரைப் பார்க்க முடியாது. பல ஆண்டுகள் கழித்து, பழைய ஆட்டங்களின் நிரலைப் பிரித்துப் பார்த்த ஆர்வலர்கள்தான் எந்தெந்த ஆட்டம் ஒரே கையிலிருந்து வந்தது என்று அடையாளம் கண்டார்கள்.

மாற்றித் தருவது என்பது நகலெடுப்பது அன்று. ‘1942’ ஆட்டத்தை எடுத்துக்கொண்டால், 1984இல் வந்த அதன் ஆர்கேட் இயந்திரத்தில் இசட்80 வகைச் செயலிகள் இரண்டு இருந்தன. ஃபேமிகாமில் இருந்தது 6502 குடும்பத்தைச் சேர்ந்த ஒற்றைச் செயலி. அதற்கு வேலை நினைவகம் 2 கிலோபைட். ஒன்றுக்கு எழுதிய நிரலின் ஒரு வரிகூட மற்றதில் ஓடாது. ஆர்கேட் திரை நெட்டுவாக்கில் நிற்கும். வீட்டு டிவி படுக்கைவாக்கில் கிடக்கும். எதிரி விமானங்கள் வரும் வரிசை, பின்னணி நகரும் வேகம், குண்டு பறக்கும் தூரம் எல்லாவற்றையும் புதிய அளவுக்குத் திரும்பக் கணக்கிட வேண்டும். ஒரே கிடைவரிசையில் எட்டு உருவங்களுக்கு மேல் வந்தால் ஃபேமிகாம் மிச்சத்தைக் காட்டாது. அதனால் உருவங்கள் மாறி மாறி மின்னும்படி நிரலாளர் சமாளித்தார். இதற்கெல்லாம் கிடைத்த அவகாசம் சில மாதங்கள்தான். மைக்ரோனிக்ஸ் செய்த ஆட்டங்களில் திரை திணறுவதும் உருவங்கள் விட்டுவிட்டு மின்னுவதும் விமர்சகர்களின் நிரந்தரக் குறை. குறை நியாயமானதுதான். ஆனாலும் கொடுத்த அவகாசத்தையும் கூலியையும் சேர்த்துப் பார்க்காமல் அந்த வேலையை எடைபோட முடியாது.

இதே தொழிலை மிகப் பெரிய அளவில் நடத்திக் காட்டியது டோசே. 1979இல் கியோட்டோ பகுதியில் தொடங்கிய இந்நிறுவனம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் கை வைத்திருக்கிறது. பெரும்பாலானவற்றில் அதன் பெயர் கிடையாது. 1986இல் பண்டாய் வெளியிட்ட முதல் ஃபேமிகாம் ‘டிராகன் பால்’ ஆட்டம் டோசே செய்தது. பெயர் வெளியே வராமல் இருப்பதையே அது வியாபார உத்தியாக்கிக்கொண்டது. ஒரு வெளியீட்டாளரின் ரகசியம் அவருடைய போட்டியாளருக்குப் போகாது என்ற நம்பிக்கைதான் இருவரையும் ஒரே நேரத்தில் வாடிக்கையாளராக வைத்துக்கொள்ள உதவியது. நின்டெண்டோவுக்காக 2002 முதல் செய்த ‘ஸ்டாஃபி’ வரிசையில் மட்டும் உரிமையாளராக டோசேயின் பெயரும் சேர்ந்து வந்தது. 1980களின் ஜப்பானிய ஆட்டங்களில் பெரிய நிறுவனங்களின் சொந்த ஊழியர்களே புனைபெயரில்தான் இறுதிப் பட்டியலில் வந்தார்கள். பெயர் தெரிந்தால் போட்டிக் கம்பெனி ஆளைத் தூக்கிவிடும் என்ற பயம். ஒப்பந்தக்காரருக்கு மட்டும் எங்கிருந்து இடம் கிடைக்கும்?

இந்தியாவில் ஃபேமிகாம் நேராக வரவில்லை. சாமுராய், லிட்டில் மாஸ்டர் போன்ற பெயர்களிலும், பெயரே இல்லாத சீன, தைவான் நகல்களாகவும் 1990களில் வந்தது. மதுரையில் ‘டிவி கேம்’ என்று சொன்னால் இந்த நகல் கருவிதான். சொருகும் காட்ரிட்ஜுக்கு எல்லோரும் சொன்ன பெயர் ‘கேசட்’. ‘9999 இன் 1’ என்று அட்டையில் போட்டிருக்கும். உள்ளே இருபது முப்பது ஆட்டங்களே பெயரும் தொடக்க நிலையும் மாறித் திரும்பத் திரும்ப வரும். கோடை விடுமுறையில் தெருமுனைக் கடையில் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து ஆடுவார்கள். அந்தக் கேசட்டுகளில் அடிக்கடி இருந்த ஆட்டம் ‘1942’. மதுரைத் தெருக்களில் பையன்கள் ஓட்டிய அந்த விமானம் மைக்ரோனிக்ஸின் கூலி வேலை. கடைசியில் கேசட்டை விற்றவர்களும் கேப்காமுக்கு ஒரு பைசா கொடுக்கவில்லை என்பதால், கணக்கில் எல்லோருமே சமமாகிவிட்டார்கள்.

இந்தியாவின் முதல் ஒப்பந்த கேம் நிறுவனம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது பெங்களூரின் துருவா இன்டராக்டிவ். ராஜேஷ் ராவ் 1990களின் நடுவில் மல்டிமீடியா வேலைகளோடு தொடங்கி, 1997 முதல் கேம் நிறுவனமாக நடத்தினார். நகரத்தில் அப்போது எல்லோரும் மென்பொருள் பராமரிப்பு வேலைக்கும், 2000ஆம் ஆண்டுக் கணினிப் பிழை திருத்தத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள். கேம் என்று சொன்னால் வங்கி மேலாளருக்கு விளங்கவைப்பதே பெரும்பாடாக இருந்த காலம். சிறு கடன், சில கணினிகள், மிக மெதுவான இணைய இணைப்பு ஆகியவற்றோடு தொடங்கியதைத் தாமஸ் ஃபிரீட்மன் 2005இல் எழுதிய ‘தி வேர்ல்ட் இஸ் ஃபிளாட்’ நூலில் ராவ் விவரித்திருக்கிறார்.

முதல் பெரிய வேலையைத் தந்தது இன்ஃபோகிராம்ஸ் என்ற பிரெஞ்சு வெளியீட்டு நிறுவனம். நின்டெண்டோ 64 கருவிக்கு அது 1998இல் வெளியிட்ட ‘மிஷன் இம்பாசிபிள்’ ஆட்டத்தின் கணினி வடிவம் துருவாவுக்கு வந்தது. ஒரு கருவியில் இருப்பதை இன்னொன்றுக்கு மாற்றும் அதே போர்ட் வேலை. மைக்ரோனிக்ஸ் எந்த வாசலில் நுழைந்ததோ அதே வாசலில்தான், பதின்மூன்று பதினான்கு ஆண்டுகள் கழித்து, இந்தியாவும் நுழைந்தது.

2000க்குப் பிறகு துருவாவின் பிழைப்பு பெரும்பாலும் கலை வேலைக்கு மாறியது. இதற்குக் காரணம் கருவிகளின் வளர்ச்சி. எக்ஸ்பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 3 வந்தபோது திரையின் நுணுக்கம் பல மடங்கு கூடியது. ஒரு நாற்காலியைச் செய்யக்கூட நாள்கணக்கு ஆனது. மைக்ரோசாஃப்ட்டின் ‘ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட்’ கார் பந்தய வரிசையின் நான்காம் பாகம் 2011இல் வந்தபோது அதில் 500 கார்கள் இருந்தன. அத்தனையையும் அமெரிக்க ஸ்டூடியோ தன் சொந்த ஆட்களை வைத்துச் செய்ய முடியாது. இந்த வரிசைக்குக் கார் செய்து தந்த நிறுவனங்களில் துருவாவும் ஒன்று.

ஒரு காரைச் செய்வது எப்படி? கார் நிறுவனத்தின் வடிவமைப்புத் தரவும் எல்லாக் கோணங்களிலும் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களும் வரும். மாடலர் அவற்றை வைத்து வெளிக்கூட்டை முப்பரிமாணத்தில் கட்டுவார். கதவு இடுக்கு, கண்ணாடி, விளக்குக்குள் இருக்கும் பிரதிபலிப்பான், டாஷ்போர்டில் உள்ள ஒவ்வொரு முள் என்று ஒன்றையும் விட முடியாது. அடுத்தது பரப்பு வேலை: பெயின்ட் எப்படி மினுங்க வேண்டும், தோல் இருக்கை எப்படி மங்கலாகத் தெரிய வேண்டும் என்பது. பிறகு அதே காரை நுணுக்கம் குறைத்துக் குறைத்துப் பல படிகளில் மறுபடி செய்ய வேண்டும். தூரத்தில் போகும் காருக்கு முழு நுணுக்கம் கொடுத்தால் கருவி தாங்காது. மோதினால் நசுங்கும் பாகங்கள் தனி. எல்லாம் முடிந்து அனுப்பினால், வாடிக்கையாளர் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்புவார். கார் கம்பெனியும் தன் பங்குக்குப் பார்க்கும். சக்கர வளைவு கொஞ்சம் தப்பாக இருந்தாலும் அது தன் கார் இல்லை என்று சொல்லிவிடும். ஒரு காருக்கு வாரக்கணக்கில் ஆகும். தெருவில் அந்தக் காரை ஒருமுறைகூடக் கண்ணால் பார்க்காத இளைஞர் அதன் ஒவ்வொரு திருகாணியையும் அறிந்திருப்பது இந்தத் தொழிலின் வேடிக்கை.

கூலி பெரும்பாலும் ஆள்-மாதக் கணக்கிலோ, குறித்த கட்டம் முடிந்ததும் தவணையாகவோ வரும். ஆட்டம் பத்து லட்சம் பிரதி விற்றாலும் பத்தாயிரம் விற்றாலும் ஒப்பந்தக்காரருக்கு அதே தொகைதான். நஷ்டத்தில் பங்கில்லை, லாபத்திலும் பங்கில்லை. என்ன வேலை செய்கிறோம் என்பதை வெளியே சொல்லக்கூடாது என்ற ரகசிய ஒப்பந்தம் கட்டாயம். ஆட்டம் வெளிவந்த பிறகுதான், அதுவும் வாடிக்கையாளர் சம்மதித்தால்தான், அடுத்தவரிடம் காட்டி வேலை கேட்க முடியும்.

இந்த வருமானத்தை வைத்துச் சொந்த ஆட்டம் செய்ய வேண்டும் என்ற ஆசை எல்லா ஒப்பந்த நிறுவனத்துக்கும் உண்டு. மொபைல் ஆட்டங்களுக்காகச் சார்லி சாப்ளினின் உருவத்தைப் பயன்படுத்தும் உரிமையைத் துருவா வாங்கியது. இந்தியச் சந்தையை நம்பி மற்றவர்களும் இறங்கினார்கள். ஹைதராபாதின் அவ்ரோனா டெக்னாலஜிஸ் சோனிக்காகச் செய்த ‘ஹனுமான்: பாய் வாரியர்’ 2009இல் பிளேஸ்டேஷன் 2 கருவிக்கு வந்தது. கில்லி, கபடி, பட்டம் எல்லாம் அடங்கிய ‘தேசி அட்டா’ ஆட்டமும் அதே ஆண்டு வந்தது. எதுவும் பெரிதாக ஓடவில்லை. கருவி வைத்திருந்த வீடுகள் குறைவு. வைத்திருந்தவர்களுக்குத் திருட்டுத் தட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எனவே மறுபடி வெளிநாட்டு ஒப்பந்தம்தான் சம்பளம் கொடுத்தது.

துருவா போட்ட பாதையில் வேறு பலர் வந்தார்கள். மன்வேந்திர ஷுகுல் 2004இல் குருகிராமில் தொடங்கிய லக்ஷ்யா டிஜிட்டல் அதே கலை வேலையில் வளர்ந்தது. 2014இல் அயர்லாந்தின் கீவேர்ட்ஸ் ஸ்டூடியோஸ் அதை வாங்கியது. யூபிசாஃப்ட் 2008இல் புனேயில் கேம்லாஃப்ட்டின் ஸ்டூடியோவை எடுத்துக்கொண்டது. ராக்ஸ்டார் கேம்ஸ் 2016இல் பெங்களூரில் சொந்தக் கிளை திறந்தது. ஒப்பந்தத்துக்கு வெளியே கொடுத்த வேலையைச் சொந்தக் கிளையில் வைத்துக்கொள்வது மலிவு என்று வெளிநாட்டு நிறுவனங்கள் கண்டுகொண்ட காலம் அது.

துருவாவின் முறை 2016 டிசம்பரில் வந்தது. ‘பேடே’ ஆட்டங்களுக்குப் பேர்போன ஸ்டார்ப்ரீஸ் என்ற ஸ்வீடன் நிறுவனம் அதன் 90.5 சதவீதப் பங்கை ஏறத்தாழ 85 லட்சம் டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. இரண்டு ஆண்டுகூட நிம்மதி நீடிக்கவில்லை. ஸ்டார்ப்ரீஸ் 2018இல் வெளியிட்ட ‘ஓவர்கில்ஸ் தி வாக்கிங் டெட்’ படுதோல்வி. அந்த டிசம்பரிலேயே நிறுவனம் கடன் மறுசீரமைப்புக்கு நீதிமன்றத்தை நாடியது. கையில் விற்கக்கூடிய சொத்து எது என்று பார்த்தபோது, மாதாமாதம் ஒழுங்காக வேலை பார்த்துச் சம்பாதித்துக்கொண்டிருந்த துருவா கண்ணில் பட்டது. 2019 மே மாதம் 91.82 சதவீதப் பங்கு 79 லட்சம் டாலருக்கு ராக்ஸ்டார் கைக்கு மாறியது. முந்நூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் ராக்ஸ்டார் இந்தியாவோடு இணைந்தார்கள். துருவா என்ற பெயர் அதோடு தொழிலிலிருந்து மறைந்தது.

டோசேக்கும் துருவாவுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. டோசே பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டு, யாருக்கும் விலைபோகாமல், எல்லோருக்கும் வேலை செய்கிறது. அதற்கு உள்நாட்டிலேயே நின்டெண்டோ, பண்டாய், ஸ்கொயர் எனிக்ஸ் என்று வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். ஒருவர் தும்மினால் இன்னொருவரிடம் போகலாம். பெங்களூர் நிறுவனங்களின் வாடிக்கையாளர் அத்தனை பேரும் கடல் கடந்தவர்கள். வெளிநாட்டையே நம்பியிருப்பதன் விலை, இதேபோல் ஒப்பந்தத்தில் ஓடும் திரைப்பட வி.எஃப்.எக்ஸ். (காட்சி விளைவு) துறையில் 2025 பிப்ரவரியில் தெரிந்தது. பிரான்சின் டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது பெங்களூரிலும் மும்பையிலும் ஆயிரக்கணக்கானோர் ஒரே வாரத்தில் வேலை இழந்தார்கள். வேலையின் தரத்தில் குறை இருந்ததாக யாரும் சொல்லவில்லை.

இந்தத் தொழிலுக்குத் துறைமுகம் வேண்டாம், மூலப்பொருள் வேண்டாம். ஆனாலும் மதுரை போன்ற ஊருக்கு இது எளிதில் வருவதில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளர் முதலில் கேட்பது பூட்டிய அறை, அட்டை காட்டி நுழையும் கதவு, வெளியே தகவல் போகாத கணினி வலை. அதைவிட அரிது, இருபது இளைஞர்களின் வேலையில் பிழை கண்டுபிடித்துத் திருத்தத் தெரிந்த பத்தாண்டு அனுபவசாலி ஒருவர். மாயா, பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருள்களைக் கற்ற பையன்களும் பெண்களும் சென்னைக்கோ பெங்களூருக்கோ ரயில் ஏறுவது இதனால்தான். மதுரையின் இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் எல்காட்டின் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் இருக்கின்றன; மாட்டுத்தாவணி டைடல் பார்க்குக்கு 2025 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கே ஒரு கேம் ஸ்டூடியோ இடம் எடுத்தால், அதுவும் அடுத்தவர் பெயரிலான ஆட்டத்தில்தான் தொடங்க வேண்டியிருக்கும். முதல் இரண்டு ஆண்டு வாடகையைக் கட்ட இந்தத் தொழிலில் வேறு நம்பகமான வழி இன்னும் உருவாகவில்லை.