துரையின் காதும் துபாஷியின் வாயும்

"கட்டுரை வேணும், ஆனா பாய்லர், பம்ப்னு ஆரம்பிச்சுடாதேப்பா" என்று மலர்க் குழு நண்பர் முன்கூட்டியே எச்சரித்துவிட்டார். ஆகவே எனக்குப் பிடித்த சரித்திரப் பக்கம் ஒதுங்குகிறேன். (பாய்லர் நடுவில் ஒரே ஒரு தடவை தலைகாட்டும். பொறுத்தருள்க!)

சென்னையில் சூளைப் பக்கம் போனால் அவதான பாப்பையர் சாலை என்று ஒன்று இருக்கிறது. யாரோ தர்மப்பிரபு போலும் என்று நாம் தாண்டிப் போய்விடுவோம். ஆனால் அந்தப் பெயருக்கு உரியவராகச் சொல்லப்படும் அவதானம் பாப்பையா, ஒரு காலத்தில் கோட்டைக்குள் இருந்த துரைமார்களையே ஆட்டிவைத்த துபாஷி.

துபாஷி என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலைக்கு வந்து இறங்கிய வெள்ளைக்காரப் பையன்களுக்குத் தமிழும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. வீடு பிடிப்பது, ஆள் அமர்த்துவது, பேரம் பேசுவது, மனு படித்துச் சொல்வது எல்லாம் துபாஷிதான். கையில் காசு இல்லாவிட்டால் கடன் ஏற்பாடு செய்வதும் அவர்தான். துரைக்கு உலகம் தெரிவது துபாஷியின் வாய் வழியாக. ஊருக்குத் துரை தெரிவதும் அதே வாய் வழியாக. நடுவில் நிற்பவர் எதைச் சொன்னார், எதை விழுங்கினார் என்று இரண்டு பக்கமும் தெரியாது. செல்வாக்கு பிறப்பது இந்த இடத்தில்தான்.

புதுச்சேரியில் துய்ப்ளேக்சுக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பைப் புரட்டினால் இது நன்றாகப் புரியும். துய்ப்ளேக்சின் மனைவி ழான் அம்மாள் புதுச்சேரியிலேயே பிறந்தவர், தமிழ் தெரிந்தவர். ஆக கவர்னரின் காதுக்கு இரண்டு வாசல்! அம்மாள் நிர்வாகத்தில் மூக்கை நுழைப்பதாகப் பிள்ளை பலமுறை புலம்புகிறார். அம்மாள் டைரி எழுதியிருந்தால் பிள்ளையைப் பற்றி என்ன எழுதியிருப்பாரோ!

சென்னையில் ஜான் ஹாலண்டு 1789-ல் கவர்னர் ஆனார். அவர் தம்பி எட்வர்டும் கோட்டையில் பெரிய பதவியில் இருந்தார். அண்ணன் தம்பி இருவருக்கும் துபாஷி பாப்பையாதான். டேவிட் ஹாலிபர்ட்டன் என்ற கம்பெனி அதிகாரி இவர்களுக்கு ஆகாதவர். அவர்மீது பொய்ப் புகார்களை ஜோடித்து, பதவியிலிருந்து இறக்கச் சதி செய்ததாக 1792-ல் சென்னையில் வழக்கு நடந்தது. பாப்பையாவும் கூட்டாளிகள் மூவரும் கூண்டில் ஏறினார்கள். குற்றவாளி என்று தீர்ப்பும் ஆயிற்று. வழக்கு விவரம் லண்டனில் புத்தகமாகவே அச்சானது. இந்தியாவுக்கு ஒரு தடவைகூட வராத வால்டர் ஸ்காட், 1827-ல் எழுதிய ஒரு கதையில் பாப்பையாவை ஒரு பாத்திரமாகவே உலவவிட்டார்!

ஆனால் கூண்டில் நின்றவர் பட்டியலைக் கொஞ்சம் கவனியுங்கள். கவர்னர் ஹாலண்டு அதில் இல்லை. அவர் 1790 பிப்ரவரியிலேயே பதவியை விட்டுக் கப்பலேறிவிட்டார். பாப்பையா நல்லவர் என்று நான் வாதாட வரவில்லை. இரவல் அதிகாரம், அதைக் கொடுத்தவர் ஊரை விட்டுப் போனதும் கற்பூரமாகக் கரைந்துபோகும் என்பதைத்தான் சொல்கிறேன். இன்னொன்றும் உண்டு. தன் கை அழுக்காகாமல் காரியம் நடக்க வேண்டும் என்று துரை ஆசைப்படாவிட்டால், இப்படிப்பட்ட துபாஷிக்கு அங்கே வேலையே இருந்திருக்காது. "அவன் பேச்சைக் கேட்டுக் கெட்டார்" என்று பெரிய மனிதர்களுக்காக நாம் பரிதாபப்படுவதில் பாதி நியாயம்தான் இருக்கிறது. காதைக் கொடுத்தது அவர்தானே?

எல்லாத் துபாஷிகளும் ஒரே அச்சு அல்ல. பச்சையப்ப முதலியாரும் துபாஷியாக இருந்து பொருள் சேர்த்தவர்தான். 1794-ல் மறைந்த அவர் தர்மத்துக்கு எழுதிவைத்த சொத்திலிருந்து வந்ததே பச்சையப்பன் கல்லூரி. அதே பதவி, அதே ஊர், ஏறக்குறைய அதே காலம்!

இப்போது பாய்லர். தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கண்ணாடி ஒன்று போதாது, இரண்டு வேண்டும் என்பது விதி. ஒன்று அடைத்துக்கொண்டு பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்கும். பாய்லருக்கு இருக்கிற இந்த ஜாக்கிரதை மானேஜர் அறைக்கு ஏனோ இருப்பதில்லை. நான் முன்பு வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில் முதலாளிக்குப் போகிற ரிப்போர்ட் எல்லாம் ஒரே ஒருவர் கை வழியாகத்தான் போகும். ஷிப்டில் மெஷின் நின்ற நேரம் மேலே போய்ச் சேரும்போது பாதியாகச் சுருங்கியிருக்கும். ஏன் என்று கேட்ட இரண்டு பேர் வேறு யூனிட்டுக்கு மாற்றப்பட்டார்கள். ஹாலிபர்ட்டன் கதையை நான் படித்தபோது அது பழைய கதையாகத் தோன்றவே இல்லை.

கம்பெனிக்காரர்கள் கடைசியில் கண்ட வைத்தியம் என்ன தெரியுமா? ஒரு கல்லூரி! எல்லிஸ் துரையின் முயற்சியில் 1812-ல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கி, இளம் அதிகாரிகளுக்குத் தமிழும் தெலுங்கும் சொல்லிக்கொடுத்தார்கள். நம்மை இன்னும் நன்றாக ஆளத்தான், சந்தேகமில்லை. ஆனால் அடிப்படை சரியானது. அடுத்தவன் வாயை நம்பியிருக்கக் கூடாது என்றால் நாமே கற்றுக்கொள்ள வேண்டும்.

நம் கல்லூரியின் மூத்தவர்களில் பலர் இன்று பெரிய நாற்காலிகளில் இருக்கிறீர்கள். உங்கள் அறைக்கு எத்தனை வாசல் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மாதம் ஒருமுறையாவது ஷாப் ஃப்ளோருக்கு இறங்கிப் போய், ஆபரேட்டர் வாயால் நேரே கேளுங்கள். மாணவத் தம்பி, தங்கைகளே! நாளை யாராவது ஒரு பெரியவர் உங்களைத் தன் காதுக்குப் பக்கத்தில் உட்கார வைக்கலாம். அன்றைக்கு அவருக்குப் பிடித்ததைச் சொல்லாதீர்கள், உள்ளதைச் சொல்லுங்கள். இரவல் அதிகாரம் கையில் இருக்கும்போது இனிக்கும். துரை கப்பலேறின பிறகு கணக்கு நம் பெயரில்தான் வரும்.