மின்சாரத்தைக் கேட்டு எரியும் அடுப்பு

பனிக்கால இரவில் அமெரிக்க கேம்பர் வண்டியின் ஃபர்னஸ் குளிர்ந்த காற்றை மட்டும் ஊதினால், பழி முதலில் புரொப்பேன் சிலிண்டர் மேல்தான் விழும். எரிபொருள் கேஸ் என்பதால் கோளாறும் கேஸில்தான் இருக்க வேண்டும் என்ற கணக்கு அது. அந்தக் கருவி வளர்ந்த வரலாறு வேறு இடத்தைக் காட்டுகிறது. பழைய டிரெய்லர்களில் இருந்த ஃபர்னஸுக்கு மின்சாரமே தேவைப்படவில்லை. சின்னதாக ஒரு பைலட் சுடர் எந்நேரமும் எரியும். அதன் சூட்டில் தெர்மோகப்பிள் உண்டாக்கும் சில மில்லிவோல்ட்டே கேஸ் வால்வைத் திறந்து வைத்திருக்கும். சூடான காற்று தானாக மேலே ஏறும், அவ்வளவுதான். 1950களின் நடுவில் அமெரிக்கக் கார்கள் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறின. டிரெய்லருக்கும் அதே 12 வோல்ட் பேட்டரி வந்து சேர்ந்த பிறகு, அலமாரிக்கடியில் அடங்கும் சிறிய பெட்டிக்குள் புளோயரை வைத்துச் சூட்டைக் குழாய்களில் தள்ள முடிந்தது. அன்றிலிருந்து நெருப்பு மின்சாரத்தின் அனுமதிக்குக் காத்திருக்கிறது.

அந்த அனுமதி பல கைகள் மாறி வர வேண்டும். தெர்மோஸ்டாட் கேட்டதும் புளோயர் சுற்றும். காற்றின் வேகம் போதுமென்றால் செயில் சுவிட்சின் மெல்லிய தகடு சாய்ந்து இணைப்பைக் கொடுக்கும். சூடு மீறவில்லை என்று லிமிட் சுவிட்சும் ஒத்துக்கொண்டால்தான் சர்க்யூட் போர்டு வால்வைத் திறந்து பொறி தட்டும். முழுதாக ஏறிய ஈய-அமில பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். அது 10 வோல்ட் பக்கம் இறங்கினாலும் புளோயர் சுற்றத்தான் செய்யும், ஆனால் சோம்பலாக. தகடு சாயாது, பொறியும் வராது. உள்ளே இருப்பவருக்குக் கேட்பது காற்றின் சத்தம் மட்டும். அதனால்தான் சிலிண்டர் மேல் சந்தேகம். தகட்டில் நாய்முடி சிக்கியிருந்தாலும் இதே கதைதான். 7, 8 ஆம்ப் இழுக்கும் புளோயரை 100 ஆம்ப்-மணி பேட்டரியில், பாதி மட்டுமே செலவழிக்கலாம் என்ற வழக்கமான கணக்கில், விடாமல் ஓட்டினால் ஏழு மணி நேரம் தாங்குவதே கடினம்.

அப்படியானால் பழைய பைலட்டே மேல் அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, அது பேட்டரியைத் தின்னவில்லை. ஆனால் காற்றடித்தால் அணையும், எரிந்த நேரமெல்லாம் கேஸைக் குடிக்கும், சூட்டை அறைகளுக்குச் சமமாகப் பகிரவும் அதனால் ஆகாது. புளோயர் வைத்த பெட்டியோ எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து இழுத்து, புகையையும் வெளியே தள்ளுகிறது. சுவிட்சுகள் நடுவில் நிற்பதும் காரணத்தோடுதான்: காற்றோட்டம் இல்லாமல் நெருப்பு மூண்டால் வெப்பப் பெட்டி காய்ந்து விரிசல் விடும், கார்பன் மோனாக்சைடு படுக்கைப் பக்கம் கசியும். ஆகவே செயில் சுவிட்சை ஒயரால் இணைத்துவிட்டுத் தூங்குவது சாமர்த்தியம் ஆகாது.

லித்தியம் பேட்டரி வந்துவிட்டதே, இனி இந்தத் தொல்லை ஏது என்பது இன்னொரு வாதம். பேட்டரி அளவில் அது சரி. ஆனால் வண்டியின் இரும்புச் சட்டத்தில் முடுக்கிய எர்த் போல்ட் துருப்பிடித்தால், பேட்டரியில் 13 வோல்ட் இருந்தும் ஃபர்னஸின் முனையில் 10.5 தான் எஞ்சும். புளோயர் நின்றிருக்கும்போது அளந்தால் இந்த இழப்பு தெரியவும் தெரியாது. மல்டிமீட்டரை அது ஓடும்போதே, பேட்டரியில் ஒருமுறை, ஃபர்னஸ் ஒயரில் ஒருமுறை வைத்துப் பார்க்க வேண்டும்.